கடைப் பலகை விதிகளைப் புதுப்பித்தல்

சிலாங்கூரின் ஸ்ரீ கெம்பாங்கானில் கடை முகப்பில் மாட்டப்படும் பெயர்ப்பலகை, சட்டத்தின் கண்ணில் ஒரு விளம்பரம். உரிமம் பெறாமல் எந்த விளம்பரத்தையும் மக்கள் பார்வைக்கு வைக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. அந்த விதியை எழுதுவதும் உரிமம் கொடுப்பதும் மீறினால் கம்பவுண்ட் போடுவதும் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் வேலை. 1997 ஜனவரி 1ஆம் தேதி நகராண்மைக் கழகமாகத் தொடங்கிய இந்த மன்றம், 2020 அக்டோபர் 20ஆம் தேதி மாநகர் தகுதி பெற்றது. சுபாங் ஜெயா, பூச்சோங், கின்ராரா, செர்டாங் ஆகியவற்றோடு ஸ்ரீ கெம்பாங்கானும் அதன் எல்லைக்குள் வருகிறது.

எல்லை என்ற சொல்லைக் கடைக்காரர்கள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து சில நிமிடம் காரில் போனால் பாலாக்கோங். அது காஜாங் மன்றத்தின் கீழ் உள்ளது. இன்னொரு பக்கம் புக்கிட் ஜாலில்; அது கோலாலம்பூர் மாநகராட்சி மன்றத்தின் பகுதி. மூன்று இடத்திலும் கிளை வைத்திருக்கும் உணவகம் ஒரே வடிவத்தில் மூன்று பலகை அடித்தால், மூன்றும் வெவ்வேறு விதிகளின்படி அளக்கப்படும். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஏற்றுக்கொள்ளப்பட்ட பலகை என்று சொல்லி இங்கே வாதாட முடியாது. எந்த வேலையையும் தொடங்கும்முன் கடை எந்த மன்றத்தின் எல்லைக்குள் நிற்கிறது என்பதைக் கதவு வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

விதி எந்த ஏட்டில் இருக்கிறது

கடைப் பலகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஒரே புத்தகத்தில் இல்லை. அடித்தளத்தில் இருப்பது 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம். துணைவிதிகள் எழுதும் அதிகாரத்தை மன்றத்துக்குக் கொடுப்பது இதுதான். ஒரு துணைவிதியை மீறுவதற்கு அதிகபட்சம் 2,000 ரிங்கிட் அபராதம், ஓராண்டுச் சிறை, மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் என்ற வரம்பையும் இதுவே வகுக்கிறது. உரிமம் மூன்றாண்டுக்கு மேற்படாது என்பதும், மன்றம் காரணம் சொல்லாமலே அதை ரத்து செய்யலாம் என்பதும், அப்படி ரத்தானால் இழப்பீடு கிடையாது என்பதும் இதே சட்டத்தில் உள்ளவை. பலகைக்காகப் பெரும் பணம் போடப்போகிறவர் இந்தக் கடைசி இரண்டையும் முதலில் படிக்க வேண்டும்.

அதற்கு மேல் 2007ஆம் ஆண்டின் விளம்பரத் துணைவிதிகள். மலாயில் உண்டாங்-உண்டாங் கெச்சில் இக்லான் என்பார்கள். அந்த ஆண்டு சிலாங்கூரின் ஊராட்சி மன்றங்கள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் துணைவிதிகளை அரசிதழில் வெளியிட்டன. ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பொருந்துவது அன்றைய சுபாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் பெயரில் வந்தது. கோலாலம்பூரின் விதி இன்னும் பழையது. கூட்டரசுப் பிரதேசத்துக்கான விளம்பரத் துணைவிதிகள் 1982இல் எழுதப்பட்டவை.

மூன்றாவது அடுக்கு, மன்றம் தானே வெளியிடும் வழிகாட்டிக் குறிப்புகளும் உரிமத்தில் அச்சிடப்படும் நிபந்தனைகளும். பலகையின் உயரம், மாட்டும் இடம், விளக்கு, விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய படங்கள் முதலிய அன்றாட விவரங்களில் பெரும்பகுதி இந்த அடுக்கில்தான் கிடக்கும். துணைவிதியை மாற்ற மாநில அரசு வரை போக வேண்டும். வழிகாட்டிக் குறிப்பை மாற்ற மன்றத்தின் முடிவே போதும். ஆகவே ஒரு விதி தொல்லை தருகிறது என்று புகார் எழும்போது, அது எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதே முதல் வேலை. பதில் மூன்றாவது அடுக்கு என்றால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

ஏன் புதுப்பிக்க வேண்டும்

2007 துணைவிதிகள் எழுதப்பட்ட அதே ஆண்டில்தான் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அன்று கடைப் பலகை என்றால் தகரத்தில் வண்ணம் பூசியது, அல்லது குழல்விளக்குப் பெட்டிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் துணி. இன்று ஸ்ரீ கெம்பாங்கான் கடைவரிசைகளில் எழுத்தெழுத்தாக வெட்டிய அக்ரிலிக், ஓடும் எழுத்துப் பட்டை, கண்ணாடிக்கு உட்புறமிருந்து தெருவைப் பார்த்து ஒளிரும் எல்.இ.டி. திரை என்று வகைகள் பெருகிவிட்டன. உட்புறத் திரை விளம்பரமா, கடையின் உள் அலங்காரமா? பழைய வரையறையை வைத்து இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகச் சொல்லலாம்.

ஊரும் மாறியிருக்கிறது. அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், ஹக்கா சீனர்கள் பெரும்பான்மையாகக் குடியமர்த்தப்பட்ட செர்டாங் பாரு புதுக்கிராமத்தில் வேரூன்றிய ஊர் இது. பழைய ஈயச்சுரங்கக் குழி ஏரியாகி அதன் கரையில் தி மைன்ஸ் எழுந்தது. தாமான் ஈக்வைன் பக்கம் அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும் வந்தன. புதுக்கிராமத்தின் ஒற்றைமாடி வீட்டுக்கடைக்கும், மூன்று மாடிக் கடைவரிசைக்கும், பேரங்காடிக்கும் ஒரே பலகை அளவு பொருந்தாது. புதுப்பிக்கப்படும் விதி இந்த மூன்று வகைக் கட்டடத்தையாவது பிரித்துப் பேச வேண்டும்.

முதலில் கணக்கெடுப்பு

மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்ட பலகை விதி அமலாக்கும் நாளில்தான் சிக்கலைக் காட்டும். இருக்கும் பலகைகளில் எத்தனை புதிய விதிக்குள் அடங்கும், எத்தனை அடங்காது என்று தெரியாமல் எழுதினால், விதி பிறந்த அன்றே பாதித் தெரு குற்றவாளியாகிவிடும். பிறகு அதிகாரி யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று தன் விருப்பப்படி முடிவு செய்வார். அந்த நிலைமை கடைக்காரருக்கும் கேடு, மன்றத்தின் நற்பெயருக்கும் கேடு.

கணக்கெடுப்பு பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. வணிகர் சங்கமோ குடியிருப்பாளர் குழுவோ ஒரு கடைவரிசையை எடுத்துக்கொண்டு ஒரு முற்பகலில் முடித்துவிடலாம். ஒவ்வொரு கடைக்கும் நேர் எதிரே நின்று ஒரு புகைப்படம், கடையின் அகலம், பலகையின் நீள உயரம், அஞ்சடித் தரையிலிருந்து பலகையின் கீழ் விளிம்பு வரை உள்ள உயரம், சுவரிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் தூரம், விளக்கு வகை, எந்தெந்த மொழி, எந்த வரிசையில். பலகை எத்தனை ஆண்டுப் பழையது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் அவகாசம் பற்றிப் பேசும்போது அந்த ஒரு தகவல் மிகவும் உதவும்.

அஞ்சடியைத் தனியே பார்க்க வேண்டும். கடை முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையுள்ள நடைவழி விடுவது சிங்கப்பூருக்காக ராபிள்ஸ் 1822இல் வகுத்த நகர்த் திட்டத்திலிருந்து இந்தப் பக்கத்துக் கடைவீடுகளுக்கு வந்த வழக்கம். அது பொதுவழி. அங்கே தொங்கும் குறுக்குப் பலகையும் தரையில் வைக்கும் முக்காலிப் பலகையும் விளம்பரத் துணைவிதிக்கு மட்டுமல்லாமல், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துக்கும் உட்பட்டவை; பொதுவழியை மறிப்பது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். உணவகங்கள் அன்றைய சாப்பாட்டு விலையை எழுதி வைக்கும் முக்காலிப் பலகையை முற்றாகத் தடை செய்யும் விதி நடைமுறையில் தோற்றுப்போகும். சுவரோரமாக ஒன்று, இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும், சக்கர நாற்காலி போகும் அகலம் மிச்சமிருக்க வேண்டும் என்று எழுதினால் பின்பற்றுவார்கள்.

எதை அளப்பது, எங்கிருந்து அளப்பது

பலகை விதியில் வழக்கை உண்டாக்குவது பெரும்பாலும் வரையறைப் பகுதிதான். பலகையின் பரப்பு என்றால் சட்டத்தோடு சேர்த்தா, எழுத்து மட்டுமா? தனித்தனி எழுத்தாக வெட்டி ஒட்டியிருந்தால் எழுத்துகளைச் சுற்றி ஒரு கற்பனைச் செவ்வகம் வரைந்து அளப்பதா? சுவர் முழுக்கக் கடையின் நிறத்தைப் பூசினால் அதுவும் பலகையா? இவை ஒவ்வொன்றுக்கும் படத்தோடு விடை கொடுக்கும் விதியே நல்ல விதி. நான்கு கோட்டுப் படம் நாற்பது வரி விளக்கத்தைவிட அதிக வேலை செய்யும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 அடி அகலக் கடை. முகப்பு முழுக்க 4 அடி உயரப் பலகை. பரப்பு 80 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007இல் நடைமுறைப்படுத்திய தூய்மை நகரச் சட்டத்தின்படி, 10 மீட்டருக்கும் குறைவான முகப்புள்ள கடைக்கு அனுமதி 1.5 சதுர மீட்டர் மட்டுமே. அங்கே இந்தப் பலகையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த நகரம் பெரிய விளம்பரப் பலகைகளையே அடியோடு அகற்றியது. அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதை ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அப்படியே கொண்டுவரச் சொல்வது பொருத்தமாக இருக்காது. மூன்று மொழியில் எழுத வேண்டிய கடைக்கும் ஒரு மொழியில் எழுதும் கடைக்கும் தேவையான இடம் ஒன்றாக இருக்க முடியாது. பலகைப் பரப்பைக் குறைத்துவிட்டு மொழி விதியை மட்டும் அப்படியே வைத்தால் முதலில் காணாமல் போவது தமிழ் வரிதான்.

எழுத்தின் அளவுக்குத் தொழிலில் உள்ளவர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: ஓர் அங்குல உயர எழுத்து 10 அடித் தூரத்தில் நன்றாகப் படிக்கும்படி இருக்கும். 66 அடி அகலச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமானால் 6 அங்குலத்துக்குச் சற்று மேல் வேண்டும். முதன்மை மொழிக்கு 12 அங்குலம், மற்றவற்றுக்கு அதில் பாதி என்று ஒரு விதி வந்தால் இரண்டாம் மொழி எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு மயிரிழையில் தப்பும் அல்லது தவறும்.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. மலாய்ச் சொல்லைப் பெரிய ரோமன் எழுத்தில் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் அளவுகோலின் முழு உயரத்தையும் நிரப்பிக்கொள்ளும். சீன எழுத்தும் சதுரத்தை நிரப்பி நிற்கும். தமிழில் அப்படியில்லை. முருகன் என்று எழுதினால் மு, ரு இரண்டும் கோட்டுக்குக் கீழே இறங்கும். மளிகை என்றால் ளி மேலே ஏறும். ஸ்ரீ வந்துவிட்டால் இரு பக்கமும் இடம் கேட்கும். மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை 6 அங்குலம் என்று அளந்தால், ப, ம, க என்ற எழுத்துகளின் உடல் எழுத்துருவைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கிவிடும். காகிதத்தில் சமமாக இருக்கும் அளவு, தெருவில் சமமாகத் தெரியாது. புதிய விதியில் எழுத்து உயரம் என்பதற்குப் பதிலாக ஒவ்வொரு மொழியும் பிடிக்கும் பரப்பை அளக்கலாம். உயரத்தையே அளப்பதானால் தமிழுக்கு ப என்ற எழுத்தின் உடலை அளவாக வைக்கலாம். இதைத் தமிழர் சங்கங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை. மற்ற இரு எழுத்து முறைகளுக்கும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

மொழிப் பிரிவு

விதியில் அதிகச் சூடு கிளப்புவது இந்தப் பகுதிதான். தேசிய மொழி பலகையில் இருந்தே ஆக வேண்டும். வேறு மொழிகள் கூட இருக்கலாம். இருந்தால் தேசிய மொழி முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பது இந்தப் பகுதியின் சாரம். கூட்டரசு அரசமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக வைக்கிறது. அதே பிரிவு, அதிகாரபூர்வ நோக்கங்களுக்குத் தவிர மற்றவற்றுக்கு வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கடைப் பலகையில் தமிழ் எழுதுவது சலுகை என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேசிய மொழியைக் கேட்கும் விதி வேறு, பிற மொழியை நீக்கச் சொல்லும் விதி வேறு.

2024 நவம்பரில் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் தேசிய மொழி இல்லாத கடைப் பலகைகள் மீது சோதனையை முடுக்கியபோது நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. அதற்கு அடிப்படையாக நின்றது 42 ஆண்டுப் பழைய 1982 துணைவிதி. விதி புதிதாக வரவில்லை. நெடுங்காலம் தளர்வாக விட்டுவிட்டுத் திடீரென்று இறுக்கியதுதான் கடைக்காரர்களைத் திகைக்க வைத்தது. விதியைப் புதுப்பிக்கும் எந்த மன்றமும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அமலாக்கக் கால அட்டவணையையும் விதியோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது. (ஷா ஆலமில் 2018இல் சீன எழுத்தோடு இருந்த சாலைப் பெயர்ப்பலகைகளை மாற்றும்படி சிலாங்கூர் சுல்தான் ஆணையிட்டது வேறு விஷயம். அவை அரசாங்கத்தின் பலகைகள். தனியார் கடைப் பலகைக்கு அந்த ஆணையை எடுத்துக்காட்டுவது பொருந்தாது.)

முதன்மையாகத் தெரிய வேண்டும் என்ற சொற்றொடரை எண்ணாக்குவது எப்படி என்பதற்கு வெளியூர்களில் முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதம் உள்ளது. 48 அங்குல உயரப் பலகையில் இது 24, 14.4, 9.6 அங்குலமாகப் பிரியும். யார் வேண்டுமானாலும் அளவு நாடாவை வைத்துச் சரிபார்க்கலாம். கனடாவின் கியூபெக் மாநிலம் 1977இல் வணிகப் பலகையில் பிரெஞ்சு மட்டுமே என்று சட்டம் போட்டது. 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஆனால் பிரெஞ்சு தெளிவாக மேலோங்கித் தெரிய வேண்டும் என்று கேட்கலாம் என்றது. 1993இல் சட்டம் அந்த வழிக்குத் திரும்பியது. இரண்டு இடத்திலும் மற்ற மொழிகள் பலகையில் தங்கியிருக்கின்றன, ஆனால் எவ்வளவு இடம் என்பது முன்கூட்டியே தெரியும். ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் எண்ணில் எழுதிய விதியே மேல். எண் கடுமையாக இருந்தாலும் அதை எதிர்த்து வாதாட முடியும். முதன்மை என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அதிகாரியின் கண்ணோடு வாதாட முடியாது.

மலாய்ச் சொற்களின் எழுத்துப்பிழையும் உரிமத்தைத் தாமதப்படுத்தும். டேவான் பஹாசா டான் புஸ்தாகா விளம்பரங்களிலும் பலகைகளிலும் உள்ள மொழியைச் சரிபார்த்துக் கொடுக்கிறது, அதற்கு டி.பி.பி. சா பஹாசா என்ற இணைய வசதி உண்டு. முடிதிருத்தகம், மளிகை, பூக்கடை, நகைக்கடை போன்ற தொழில்களுக்கு நிலைத்த மலாய்ச் சொற்கள் இருக்கின்றன. கடையின் சொந்தப் பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை, தொழிலைக் குறிக்கும் சொல்தான் மலாயில் வேண்டும். பலகை அடிப்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்த ஒப்புதலை வாங்கிவிட வேண்டும். அடித்த பிறகு ஓர் எழுத்தை மாற்றுவது அக்ரிலிக்கில் செலவு பிடித்த வேலை.

விளக்கும் ஆணியும்

மொழியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் கூட்டங்களில் ஆணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆளைக் கொல்வது ஆணிதான். 2024 மே 13ஆம் தேதி மும்பை காட்கோபரில் புழுதிப் புயலில் ஒரு விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின்மேல் சாய்ந்து 17 பேர் இறந்தனர். அதன் அளவு 120க்கு 120 அடி. நகரம் அனுமதித்த வரம்பு 40க்கு 40. 2019 செப்டம்பர் 12ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் சட்டவிரோதமாகக் கட்டியிருந்த பேனர் விழுந்ததில், இருசக்கர வண்டியில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். இரண்டிலும் விதி முன்பே இருந்தது. பார்வையிடும் ஏற்பாடுதான் இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையும் காற்றும் பலகையின் இரும்புச் சட்டத்தை எளிதில் துருவேற்றும். புதுப்பிக்கும் விதியில் நீட்டிய பலகைக்கும் கூரைமேல் நிற்கும் பலகைக்கும் பொறியாளர் சான்று கேட்பது நியாயம். சுவரோடு ஒட்டிய சிறு பலகைக்கும் அதையே கேட்டால் சிறு கடைக்கு வீண்செலவு. நடைவழிக்கு மேல் தலைக்கு விட வேண்டிய உயரமாகப் பல நகர விதிகள் 2.4 மீட்டரை வைத்திருக்கின்றன. பின்சந்திலும் முகப்பிலும் தீயணைப்பு வண்டியின் ஏணி போக இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மின்இணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்து கையெழுத்திட்ட தாளைக் கடையில் வைத்திருப்பது நல்லது.

ஒளிக்கும் எண் உண்டு. அனைத்துலகப் பலகைத் தொழிலர் சங்கம் பரிந்துரைக்கும் அளவு, சுற்றியுள்ள வெளிச்சத்தைவிட 0.3 அடி-மெழுகுவர்த்திக்கு மேல் போகக் கூடாது என்பது, ஏறத்தாழ 3.2 லக்ஸ். அளக்கும் தூரம் பலகையின் பரப்பை 100ஆல் பெருக்கி எடுத்த வர்க்கமூலம், அடியில். 80 சதுர அடித் திரைக்கு 89 அடி. கையடக்க ஒளிமானி ஒன்று போதும். திரையை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை அளந்து கழித்தால் விடை வந்துவிடும். கடைக்கு மேல்மாடியில் குடும்பங்கள் தூங்கும் புதுக்கிராமத் தெருக்களில் நள்ளிரவுக்குப் பிறகு அணைத்துவிட வேண்டும் என்ற விதியும் சேரலாம். மின்னும், சுழலும் விளக்குகளைச் சந்திப்புகளுக்கு அருகில் தடுப்பதில் கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை.

தற்காலிகப் பலகைகள்

தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரிராயா விற்பனைக்குக் கட்டும் பேனர், திறப்புவிழா பந்திங், கோயில் திருவிழா அறிவிப்பு, வாடகைக்கு என்ற அட்டை ஆகியவை இந்த வகை. பல நகரங்கள் இவற்றைச் செய்தியின் வகைப்படி பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு, வேறு நாள் கொடுத்துவந்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து கில்பர்ட் என்ற ஊரில் சிறு தேவாலயம் ஒன்று, வழிபாட்டு அறிவிப்புப் பலகைக்கு மட்டும் ஏன் குறைந்த நேரம் என்று கேட்டு வழக்குப் போட்டது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளிக்க, அங்கே எத்தனையோ ஊர்கள் தங்கள் பலகை விதிகளைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எழுதும் முறையாக அது எளிது: யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று பாராமல், அளவு, இடம், நாள் மூன்றை மட்டும் விதித்தால் எந்தச் சமூகத்தின் திருவிழாவுக்கும் ஒரே வாசல்.

மின்கம்பங்களில் ஒட்டப்படும் ஆலோங் கடன் அட்டைகளை எந்தப் பலகை விதியும் ஒழிக்கவில்லை. முகவரியுள்ள கடைக்காரரைத் தேடிப் பிடிப்பது எளிது; தொலைபேசி எண் மட்டும் உள்ளவரைப் பிடிப்பது காவல்துறை வேலை. பலகை விதியைக் கடுமையாக்க அந்த அட்டைகளைக் காரணமாகக் காட்டுவது சரியாகாது.

பழைய பலகைக்கு அவகாசம்

புதிய விதி வரும்போது சட்டப்படி மாட்டிய பழைய பலகை என்ன ஆகும் என்பதை விதியே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த உரிமப் புதுப்பிப்பில் கடைக்காரர் மாட்டிக்கொள்வார். நியாயமான ஏற்பாடு பலகையின் வாழ்நாளை ஒட்டியது. ஆபத்தான நிலையில் தொங்குவதற்கு அவகாசமே கூடாது. அளவோ மொழி விகிதமோ மட்டும் பொருந்தாத பலகைக்கு, சட்டம் உரிமத்துக்கு வைத்துள்ள உச்சக் காலமான மூன்றாண்டைக் கேட்கலாம். அதற்குள் பலகையை மாற்றினாலோ கடை கைமாறினாலோ அன்றே புதிய விதி. முகத்துணியை மட்டும் மாற்றிச் சட்டத்தை அப்படியே வைத்தால் அது மாற்றமா, பராமரிப்பா என்பதையும் விதியில் எழுதிவிட வேண்டும். சச்சரவுகள் கிளம்பும் இடம் அது.

எப்போது, யாரிடம் பேசுவது

துணைவிதி உருவாகும் பாதை நான்கு படி கொண்டது. மன்றத்தின் உரிமப் பிரிவும் சட்டப் பிரிவும் வரைவு எழுதும். மேயரும் உறுப்பினர்களும் கூடும் முழுக் கூட்டம் அதை ஏற்கும். மாநில அரசு உறுதி செய்யும். அரசிதழில் வெளிவரும். உறுதி செய்யப்படும் வரை விதிக்கு உயிர் கிடையாது. வந்தபின் அதை மாற்ற இதே பாதையில் திரும்ப நடக்க வேண்டும். கடைக்காரரின் சொல்லுக்கு மதிப்பு மிகுதியாக இருப்பது முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில்தான்.

நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது. விளம்பரத் துணைவிதிக்கு அப்படியொரு கட்டாயத்தை 171ஆம் சட்டம் விதிக்கவில்லை. ஆகவே அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் அரசிதழில்தான் பார்க்க வேண்டியிருக்கும். வரைவு தயாராகிறதா என்று முன்கூட்டியே கேட்டறிய சில வழிகள் உண்டு. மன்றத்தின் பகுதி 24 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினரும் குடியிருப்பாளர் குழுவும் இருக்கின்றன. உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள்; ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டதிலிருந்து நடக்கவில்லை. நியமனம் என்பதால் அவர்களை அணுகத் தயங்க வேண்டியதில்லை. வட்டாரத்தின் குறையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு. முழுக் கூட்டம், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காதவரை, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருப்பதால் மன்றத்திடம் எழுத்து மூலம் தகவல் கேட்கவும் வழியுண்டு. கோலாலம்பூரில் கடை வைத்திருப்பவருக்கு இந்தப் பாதை பொருந்தாது. அங்கே உறுப்பினர்கள் கூடி வாக்களிக்கும் முழு மன்றம் இல்லை, அதிகாரம் மேயரிடமும் கூட்டரசுப் பிரதேசத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடமும் இருக்கிறது.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டாமல், மலாயில் இருப்பது நல்லது. எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்குப் பதிலாக எந்தச் சொல் என்று குறிப்பிட வேண்டும். சிறுவணிகரை வாட்டாதீர்கள் என்ற பொதுவான வேண்டுகோள் கோப்பில் தூங்கும். 'எழுத்து உயரம்' என்ற வரையறைக்கு இந்த வாசகத்தைச் சேர்க்கவும் என்று எழுதி, கணக்கெடுப்புப் புகைப்படங்களில் இரண்டை இணைத்தால் சட்டப் பிரிவு அதை எடுத்துப் பேச வேண்டி வரும். சீன வணிகர் சங்கத்தோடு சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. அளவு, ஒளி, அவகாசம் ஆகிய மூன்றிலும் இரு தரப்புக்கும் ஒரே நலன்தான்.

அரசிதழில் வந்த பிறகு

அரசிதழில் வந்த துணைவிதியின் பிரதி, நடைமுறைக்கு வரும் தேதி, பழைய பலகைக்கான கெடு ஆகிய மூன்றையும் கடைக்காரர் கையில் வைத்திருக்க வேண்டும். உரிமம் கடைக்குள் கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதனுடன் மன்றம் ஒப்புக்கொண்ட பலகைப் படம், டேவான் பஹாசாவின் ஒப்புதல், வயர்மேனின் தாள், பலகை மாட்டிய அன்று தேதியோடு எடுத்த புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்தால் சோதனைக்கு வரும் அதிகாரியோடு பேச்சு சுருக்கமாக முடியும். கம்பவுண்ட் வந்தால் கட்டுவதற்கு முன்பே, எந்தப் பிரிவின் கீழ் போடப்பட்டது என்று பார்த்து, பலகை ஒப்புதல் படத்தோடு பொருந்துகிறதென்றால் எழுத்து மூலம் மறுபரிசீலனை கேட்கலாம். கேட்கும்போது கெடுத் தேதியைத் தவறவிடக் கூடாது. கடை விற்கப்படும்போது பலகை புதிய உரிமையாளருக்குப் போனாலும், உரிமத்தை அவர் தம் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.